டீனின் ஆங்கிலமும் பக்தாதுக் குளவியும்

விக்டோரியா மகாராணியார் ஆண்ட காலத்தில், 1863, 1864ஆம் ஆண்டுகளில், இலண்டன் மாநகரிலே ஓர் இலக்கணச் சண்டை மூண்டது. சிந்தியது மை மட்டுமே. கேன்டர்பரிப் பேராலயத்தின் டீனாக, அதாவது அப்பேராலயக் குருமார்க்குத் தலைவராக, இருந்தவர் ஹென்றி ஆல்ஃபோர்டு. ஆங்கிலத்தை எவ்வாறு பேசுவது, எவ்வாறு எழுதுவது என்பது குறித்து அவர் 'குட் வேர்ட்ஸ்' என்னும் மாத இதழில் சில கட்டுரைகள் வரைந்தார். அவை 'அரசியாரின் ஆங்கிலம்' என்ற நூலாயின. அரசியாரின் ஆங்கிலத்தைக் காக்கப் புறப்பட்டவரின் ஆங்கிலமே காவல் இன்றிக் கிடக்கிறது என்று ஜார்ஜ் வாஷிங்டன் மூன் என்பவர் எதிர்த்து எழுந்தார். டீனுக்கே எழுதிய கடிதங்களின் வடிவில் அவர் வெளியிட்ட மறுப்பு நூலுக்கு இட்ட பெயர் 'டீனின் ஆங்கிலம்' என்பது. பெயரிலேயே பாதி வாதம் முடிந்துவிட்டது!

இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. அரபியும் தமிழும் ஓதி, ஓதிக்கொடுத்துக் காலம் கழித்த நமக்கு ஆங்கில இலக்கணத்தில் தீர்ப்பு வழங்கும் தகுதி இல்லை. ஆயினும் இலக்கணக்காரர்களின் சண்டை எம்மொழியில் நடந்தாலும் அதன் வாடை நமக்குத் தெரியும்.

ஆல்ஃபோர்டு சாதாரணப் பண்டிதர் அல்லர். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை உரைக்குறிப்புகளோடு நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தவர். அச்சுக் கோப்பவர்கள் கண்ட இடமெல்லாம் தூவிய காற்புள்ளிகளால் பொருள் சிதைகிறது என்று நொந்து, தாம் அப்பதிப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காற்புள்ளிகளை ஒழித்துக்கட்டியதைத் திருப்தியோடு நினைவுகூருகிறார். இத்தகையவர் ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்ட வழக்குகளுள் ஒன்று நம் கவனத்தை மிகவும் ஈர்த்தது.

கதவைத் தட்டும் ஒருவரை உள்ளிருப்பவர் "யாரது?" என்று கேட்கிறார். ஆங்கிலேயர் பெரும்பாலும் சொல்லும் மறுமொழி, 'இட் இஸ் மீ' என்பது. 'மீ' என்பதோ 'என்னை' என்னும் செயப்படுபொருள் வடிவம். 'இஸ்' செயப்படுபொருளை ஏற்கும் வினையன்று. ஆதலின் எழுவாய் வடிவமே வர வேண்டும், 'இட் இஸ் ஐ' என்பதே சரி என்று பள்ளி இலக்கணங்கள் விதித்தன. இலத்தீன் மொழிக்கு இவ்விதி பொருந்தும். ஆனால் மழையில் நனைந்தபடி வாசலில் நிற்பவருக்கு இலத்தீன் நினைவுக்கு வருவதில்லை. டீன் இங்கே மழையில் நனைபவரின் பக்கம் நிற்கிறார். எல்லாரும் சொல்லுவதைப் பிழையென்று சொல்ல நீ யார் என்பது அவர் கேள்வி. இதற்காகப் பிள்ளைகளைத் தண்டிக்கும் பள்ளி ஆசிரியர்களைக் கீழ்த்தரத்தார் வரிசையிலே வைக்கிறார். முப்பது ஆண்டுகளாகச் சிவப்பு மைப் பேனாவைக் கையில் பிடித்திருக்கும் நமக்கு அந்த இடம் சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இவ்விடத்தைப் படித்த மாத்திரத்தில் நம் நெஞ்சு பக்தாதுக்கு ஓடிவிட்டது. நஹ்வு என்னும் அரபி இலக்கணத்தை ஓதியவர் எவரும் 'குளவிப் பிரச்சினை'யை மறக்க மாட்டார். பஸரா நகரத்து இலக்கண இமாமாகிய ஸீபவைஹி, கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைநகருக்கு வந்தபோது, யஹ்யா பர்மகீ கூட்டிய சபையில், கூஃபா நகரத்தார்க்குத் தலைவரான கிஸாயீ அவரிடம் ஒரு வாக்கியத்தை நீட்டினார். குளவியைவிடத் தேளே கடுமையாகக் கொட்டும் என்று எண்ணியிருந்தேன், பார்த்தால் அதுவும் இதுவும் ஒன்றே என்பது அதன் கருத்து. வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் 'அது' எழுவாய் வடிவில் 'ஹிய' என்று வர வேண்டுமா, செயப்படுபொருள் வடிவில் 'இய்யாஹா' என்றும் வரலாமா? எழுவாய் வடிவம் ஒன்றே சரி என்றார் ஸீபவைஹி. இரண்டும் ஆகும் என்றார் கிஸாயீ. வாசலில் நின்ற பாலைவன அரபிகளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அவர்கள் கிஸாயீயின் பக்கம் சொன்னார்கள். சாட்சிகள் முன்னரே சரிக்கட்டப்பட்டவர்கள் என்று பஸராவின் சார்பாளர் எழுதிவைத்தனர். மனம் உடைந்த ஸீபவைஹி பாரசீகத்துக்குத் திரும்பி, வயது முதிராமலே மறைந்தார் என்பது வரலாற்றாசிரியர் தரும் செய்தி.

'ஐ'யா 'மீ'யா என்பதும் 'ஹிய'வா 'இய்யாஹா'வா என்பதும் ஏறத்தாழ ஒரே வழக்கு. இடையே ஓடியதோ ஆயிரம் ஆண்டுக்கும் மேல்! எனினும் பக்தாதில் ஒரு பேரறிஞரின் நெஞ்சை முறித்த கேள்வி, இலண்டனில் காலைச் சிற்றுண்டியின்போது படித்துச் சிரிக்கத்தக்க கேள்வியாயிற்று. ஏன்?

அரபி இலக்கணக்காரர்கள் ஒன்றில் உடன்பட்டிருந்தனர். கலப்பில்லாத பாலைவன அரபியின் நாவே சாட்சி. அந்தச் சாட்சி நேர்மையானதா, அதன்மேல் 'கியாஸ்' என்னும் ஒப்புமை விதியை எவ்வளவு தூரம் ஏற்றலாம் என்பனவே சர்ச்சை. ஆங்கிலத்திலோ சாட்சி யார் என்பதே முடிவாகவில்லை. பிரான்சு நாட்டார் 1635இலேயே மொழிக்கென்று ஓர் அவையை நிறுவிக்கொண்டனர். இங்கிலாந்தில் ஜானதன் ஸ்விஃப்ட் 1712இல் அத்தகைய அமைப்பு வேண்டுமென்று விண்ணப்பம் எழுதினார். அது நிறைவேறவில்லை. நீதிமன்றம் இல்லாத ஊரில் ஒவ்வொருவரும் நீதிபதி. தீர்ப்புக்கு வலிமை இல்லை, ஆகவே தலை உருளுவதுமில்லை. ஆங்கில இலக்கணச் சண்டைகள் மூன்று நூற்றாண்டுகளாக இறவாமலும், யாரையும் கொல்லாமலும் நடந்துவருவதன் இரகசியம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

டீனின் நூலில் குறையில்லையா? உண்டு. வழக்கே தலைவன் என்று ஓரிடத்தில் முழங்கியவர், மற்றோரிடத்தில் வழக்கைப் பாராமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் 'டு கோ' என்பது போலும் வினை வடிவங்களில் 'டு' என்னும் சிறுசொல் முன்னே நிற்கும். அதற்கும் வினைக்கும் நடுவே மற்றொரு சொல்லை நுழைத்து 'டு குவிக்லி கோ' என்று சொல்லலாமா? ஒரு வாசகர் தாம் அவ்வாறு எழுதுவதாகவும் அது சரியே என்றும் டீனுக்கு எழுதியிருந்தார். ஆங்கிலம் பேசுவோரும் எழுதுவோரும் அறியவே அறியாத பழக்கம் அது என்று டீன் மறுத்துவிட்டார். உண்மையோ வேறு. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் அவ்வழக்கு உண்டு. டீனுக்கு முந்திய கவிஞர்களான பர்ன்ஸும் பைரனும் அவ்வாறு எழுதியுள்ளனர். இலத்தீனைப் பார்த்தே இத்தடை வந்தது என்று சொல்லுவோர் பலர். ஆல்ஃபோர்டு எழுதியதில் இலத்தீன் இல்லை. தம் செவிக்குப் பழகாததை நாட்டுக்கே பழகாதது என்று எண்ணிய பிழை அது. ஸமாஉ, அதாவது கேள்வி வழக்கு, என்று நாம் சொல்லுவது எவ்வளவு அகன்ற கேள்வியை வேண்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டா.

மூனின் நூல் வேறு வகை. அவர் டீனின் கருத்துகளோடு மோதுவதைக் காட்டிலும் டீனின் வாக்கியங்களோடு மோதுவதையே விரும்புகிறார். ஒரு பத்தியில் பல ஆடவரைக் குறிப்பிட்டபின் 'அவர்' என்றால் எவர்? 'அது' என்றால் எது? சொற்றொடர் தன் இடத்தை விட்டு நகர்ந்து வேறொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டால் என்ன பொருள் விபரீதம் விளையும்? இவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டும்போது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். பலவிடங்களில் அவர் சொல்லுவது நியாயமே. சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்று தெரியாத வாக்கியம் எம்மொழியிலும் ஊனமுடையதே. ஆயினும் நூலின் பாதியைக் கடந்தபின் அலுப்புத் தட்டுகிறது. படிப்பவர் எவரும் தடுமாறாத இடத்திலும் அவர் மட்டும் வேண்டுமென்றே தடுமாறி விழுந்து, தரை சரியில்லை என்று முறையிடுகிறார். இவருக்கு இது தொழிலாகவே ஆகிவிட்டது போலும். பின்னாளில் இலக்கண ஆசிரியர் லிண்ட்லி மர்ரியையும், விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்திய குழுவினரையும் இதே சாணையில் தீட்டினார்.

இந்தச் சண்டைக்கு நூறாண்டு முன்னரே வித்திட்டவர்கள் இருவர். உயிர்க்காற்றை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி 1761இல் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். வழக்கே அளவுகோல் என்பது அவர் கட்சி. மறு ஆண்டு வெளிவந்தது ராபர்ட் லௌத்தின் இலக்கணம். லௌத் எபிரேயக் கவிதையின் அமைப்பை ஆராய்ந்து பெயர்பெற்றவர், பின்னர் இலண்டன் பிஷப் ஆனவர். ஸாமிய மொழிப் புலமை உடையவர் என்பதால் அவர்மேல் நமக்குச் சற்றுச் சொந்தப் பாசம் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம். அடிக்குறிப்புகளில் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும்கூட விட்டுவைக்காமல் பிழை கண்டவர் அவர். ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபு போன்ற சொற்கள் பெயருக்கு முன்னே நிற்பன. அவை பெயரைப் பிரிந்து வாக்கியத்தின் வாலில் நிற்கலாகாது என்பது ஒரு கட்சி. டிரைடன் 1672இல் பென் ஜான்சனிடம் அதைக் குறையாகச் சொன்னார். லௌத், இத்தகைய அமைப்பை நாடும் இயல்பு ஆங்கிலத்துக்கு மிகுதி, ஆயினும் உயர்நடைக்கு ஏற்றதன்று என்று பக்குவமாக எழுதினார். நாடும் இயல்பைச் சொன்ன அந்தத் தொடரையே 'டு' என்ற அவ்வகைச் சொல்லால் முடித்தார்! குறும்பா, மறதியா என்று இன்றும் வாதிடுகின்றனர். நாம் குறும்புக் கட்சி. இதே விதியைச் சர்ச்சில் பெருமகனார் ஒரு சொல்லால் கேலி செய்தார் என்று எல்லாரும் கூறும் கதைக்கு இஸ்னாது, அறிவிப்பாளர் தொடர், மிகப் பலவீனமானது. 2024 பிப்ரவரியில் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் அவ்வாறு முடிப்பதில் பிழையில்லை என்று அறிவித்தபோதும் பலர் கொதித்தெழுந்தனர். டிரைடனுக்குப் பின் 352 ஆண்டு!

சண்டைக்காரர் எல்லாருள்ளும் நாம் விரும்பிப் படித்தவர் ஹென்றி ஃபௌலர். பள்ளி ஆசிரியராய் இருந்தவர். 1926இல் வெளிவந்த அவருடைய ஆங்கில வழக்கு அகராதியில், 'டு'வைப் பிளக்கும் பிரச்சினை பற்றி ஆங்கிலம் பேசும் உலகத்தையே ஐந்து கூட்டமாகப் பிரிக்கிறார். அறியாதவராய்க் கவலையும் இல்லாதவர், அறியாதிருந்தும் மிகக் கவலைப்படுபவர், அறிந்து கண்டிப்பவர், அறிந்து ஏற்பவர், அறிந்து இடம் பார்த்துப் பகுப்பவர். முதல் கூட்டத்தாரே பெரும்பான்மையினர், பொறாமைப்படத்தக்க பாக்கியவான்கள் என்கிறார். இரண்டாம் கூட்டத்தாரை நாம் நம் ஊர்களிலும் சந்தித்திருக்கிறோம்.

ஃபௌலரின் ஐந்தாம் கூட்டத்துக்குத் தமிழிலக்கணத்தில் பழைய பெயர் உண்டு. வழாநிலை, வழு என்ற இரண்டோடு நம் முன்னோர் நிற்கவில்லை. வழுவமைதி என்ற மூன்றாவதையும் வைத்தனர். உவப்பினால் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பவனை நன்னூல் உரைகாரர் வகுப்பை விட்டு வெளியேற்றவில்லை. காரணம் காட்டி அமைத்துக்கொண்டார். இந்த மூன்றாம் அறை ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் கட்டப்படவில்லை. அதனால்தான் 'இட் இஸ் மீ' நூறாண்டுக் கணக்கில் வாசலிலேயே நின்றது.

மூன்றாம் அறையை அறிந்த நாமே ஒருமுறை அதைப் பூட்டினோம். பல ஆண்டுகளுக்கு முன், அரபிக் கட்டுரையில் ஒரு மாணவர் பன்மை எழுவாய்க்கு முன்னே வினையையும் பன்மையில் எழுதியிருந்தார். வினை முந்தினால் ஒருமையில் நிற்க வேண்டும் என்பது விதி. அடித்துவிட்டு இரண்டு மதிப்பெண் குறைத்தோம். அவர் எழுந்து, குர்ஆன் ஷரீஃபின் 21ஆம் அத்தியாயம் 3ஆம் வசனத்தில் அந்த அமைப்பு இருக்கிறதே ஹஜ்ரத் என்று பணிவோடு கேட்டார். முஃபஸ்ஸிர்கள் அதற்குக் கூறும் விளக்கங்கள் நமக்குத் தெரியும். அரபிகளில் சிலருக்கு அது வழக்காகவே இருந்தது என்பதும், 'தெள்ளுப்பூச்சிகள் என்னைத் தின்றன' என்ற உதாரணத்தால் அவ்வழக்குக்கு இலக்கண நூல்களில் பெயரே இட்டிருப்பதும் தெரியும். ஆனால் மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "உட்கார்" என்றோம். அவர் உட்கார்ந்தார். அவ்வாண்டு முடியும்வரை வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

டீனின் அந்த வரி தைத்த அன்று அம்மாணவருக்குக் கடிதம் எழுதினோம். அவரும் இப்போது வேறோர் ஊரில் நஹ்வு நடத்துகிறார். நீங்கள் அந்தப் பிழைக்கு எவ்வளவு குறைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தோம். பதில் சென்ற வாரம் வந்தது. "அரை மதிப்பெண் குறைக்கிறேன், ஹஜ்ரத். ஆயத்தைச் சொல்லிக் கேள்வி கேட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்."