வந்தேறி யார்?

சொல் ஒன்று நாட்டிலே உலவுகிறது. கேட்போர் குருதியைக் கொதிக்க வைக்கும் சொல்: "வந்தேறி!" மேடையிலே முழங்குகிறார்கள், கைப்பேசித் திரையிலே கக்குகிறார்கள், பள்ளி மாணவர் வாயிலேயும் அது புகுந்துவிட்டது. தமிழன் யார் என்று அறிய வீட்டிலே பேசும் மொழியைக் கேட்கிறார்கள்; பாட்டன் சாதியைத் துருவுகிறார்கள்; பிறகு சான்றிதழ் வழங்குகிறார்கள்! தோழர்களே, அச்சொல்லைச் சற்றே உரைத்துப் பார்ப்போம். உரைகல்லைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரிகிறது. அங்கு வாழ்வோரை மலையாளிகள் என்பர். கேரளத்தார் அல்லர், மலையை ஆள்வோர் என்ற பொருளிலே அப்பெயர். தூய தமிழ்க்குடியைக் காட்டு என்று அடம்பிடிப்போர் இம்மலையைத்தான் முதலிலே காட்டுவர். ஆனால், அம்மலை மக்கள் தம்மைப்பற்றிக் கூறும் கதை என்ன? காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று உடன்பிறந்தார் வழிவந்தவர்கள் நாங்கள் என்பதுதான்! 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல்தொகுதியிலும் அது பதிவாகியிருக்கிறது. மலைக்கு வந்த அண்ணன் தம்பியர் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தனர் என்றும் கதை வளர்கிறது. கதை வரலாறாகிவிடாது, அறிவோம். எனினும், தாம் வந்தவர்கள் என்பதையும் கலந்தவர்கள் என்பதையும் கூச்சமின்றிக் கூறும் மக்களைக் காண்கிறோம். அவர்களுக்கில்லாத அச்சம் மேடையாளருக்கு ஏன்?

வந்தேறி என்று ஒருவனை ஒதுக்கவேண்டுமானால் கணக்கு எந்த ஆண்டிலே தொடங்குகிறது? ஐந்நூறு ஆண்டுக்கு முன்னா, ஐம்பது ஆண்டுக்கு முன்னா? எவனை ஒதுக்க வேண்டுமோ, அவன் வந்த நாளுக்கு முந்தின நாளிலே கோடு கிழிக்கிறார்கள். இது வரலாறு அன்று, வேலி!

மற்றொன்று. அம்மலையிலே மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னும்! அந்த ஜாகீர்தார்கள் அயலாரா? அல்லர். அதே மலையாளிக் குடியினர். சொந்தக்காரன் சுமத்திய சுமை என்பதால் அது பூமாலையாகிவிட்டதா?

"ஆரியரை வந்தேறி என்று உங்கள் மேடைகள் ஏசவில்லையா?" என்று மடக்குவர். ஏசியதுண்டு. மேடை வேகத்திலே வந்த அந்தப் பேச்சு நமக்கு உவப்பானதன்று. ஆனால், சுயமரியாதை இயக்கம் உடைக்க முனைந்தது பிறப்பினாலே உயர்வு தாழ்வு கற்பிக்கும் ஏற்பாட்டை. எவர் எந்தக் கணவாய் வழியே நடந்து வந்தார் என்பதை அன்று. ஏற்பாட்டை மறந்து ஏச்சை மட்டும் எடுத்துக்கொண்டோர், இன்று கன்னடம் பேசிய குடும்பத்திலே ஈரோட்டில் பிறந்த பெரியார்மீதே அதை எறிகிறார்கள்.

இந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் தமிழர்களே என்பதை எப்படி மறந்தோம்? 1948-இல் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் இயற்றி, தேயிலையைத் தழைக்கச் செய்த மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, மூட்டை எண்ணுவதுபோல மனிதரை எண்ணினர். 1966-இல் பம்பாயிலே சிவசேனை பிறந்தது. எழுத்தர் வேலையையும் உணவு விடுதியையும் "மதராசி" பறித்துக்கொண்டான் என்றனர். வேட்டி கட்டியவன் அடி வாங்கினான். கடல்கடந்தும் இதே கதைதான். 2019 மார்ச் 15-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரு பள்ளிவாசல்களிலே 51 பேரைச் சுட்டுக்கொன்றவன், தன் இனத்தை வந்தவர்கள் விழுங்கிவிடுவர் என்று எழுதி வைத்துவிட்டே துப்பாக்கியைத் தூக்கினான்.

இங்கே 2023 மார்ச்சில் என்ன நடந்தது? பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டிலே தாக்கப்படுகின்றனர் என்று, தொடர்பற்ற காட்சிகளை ஒட்டிப் பொய் பரப்பினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, பொய் அம்பலமாயிற்று. அதற்குள் திருப்பூரிலிருந்து அஞ்சிப் புறப்பட்டோர் பலர். அப்பொய்க்கு எரிபொருள் கொடுத்தது யார்? "வடக்கன்" என்று இங்கே எள்ளியவர்கள்! வடக்கே மதவெறியும் தெற்கே இனவெறியும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே ஒன்றுக்கொன்று தீனி போடுகின்றன.

வேலை போய்விடுமோ, கூலி குறைந்துவிடுமோ, மொழி தேய்ந்துவிடுமோ என்ற கவலையை நாம் இகழவில்லை. அது உண்மையான கவலை. குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரர் உள்ளூராரா, அயலூராரா என்று மட்டும் மேடையாளர் ஒருநாளும் கேட்பதில்லை; அங்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. புலம்பெயர் தொழிலாளருக்குப் பெயர்ப்பதிவும் பயணப்படியும் தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் எழுதப்பட்டது. அதை நிறைவேற்றக்கோரி இவர்கள் கூட்டிய கூட்டம் எத்தனை?

கல்வராயன் மலை இளைஞனும் பிழைப்புத் தேடிக் கேரளத்துக்கும் கருநாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறான். எல்லை தாண்டினால் அவன் "பாண்டி". 2015 ஏப்ரல் 7-இல் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தோர் என்று கூறி 20 தமிழ்நாட்டுக் கூலிகளைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. தற்காப்பு என்றனர், மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மாண்டோரில் பலர் ஜவ்வாது மலையிலும், கல்வராயனை அடுத்த சித்தேரி மலையிலும் பிறந்த மலையாளிகள். அனுப்பிவைத்த தரகன் எவனும் அந்தப் பிணங்களுக்கிடையே கிடக்கவில்லை.