குதிரைப் பையனும் பொம்மைக் குதிரையும்

பெரியம்மா வீட்டு அக்கா போன மாதம் ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னாள். 2009-இல் வந்த 'தி ஹார்ஸ் பாய்' என்ற ஆவணப்படம். அவள் பையனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். பார்த்து முடித்ததும் அவள் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு: "ஸ்பீச் தெரபியை நிறுத்திட்டு, அந்தக் காசுல குதிரை கிளாஸ்ல சேத்துடலாமாடா?"

படத்தின் கதை இதுதான். ரூபர்ட் ஐசக்சன் அப்போது அமெரிக்காவின் டெக்சஸில் வசித்த எழுத்தாளர். அவர் மகனுக்கு ஆட்டிசம். அடக்க முடியாத அழுகை, கழிப்பறைப் பழக்கம் வரவில்லை, சேர்ந்து விளையாட நண்பர்கள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் குதிரை பெட்சியோடு இருந்தால் பையன் அமைதியாகிறான், பேசவும் செய்கிறான். இதைப் பார்த்த அப்பா 2007-இல் குடும்பத்தோடு மங்கோலியா போகிறார். குதிரைப் பயணம், ஷாமன்களின் சடங்குகள், கடைசியில் கலைமான் மேய்க்கும் மக்கள். திரும்பும்போது அந்த மூன்று விஷயங்களிலும் பெரிய முன்னேற்றம்.

படம் நேர்மையாகத்தான் இருக்கிறது. பையனின் அழுகையை மறைக்கவில்லை. ஆட்டிசமே போய்விட்டது என்று அப்பாவும் சொல்லவில்லை.

என் குறை வேறு. ஒரே ரிலீஸில் ஐந்து மாற்றங்களைப் போட்ட பிறகு ஒரு பக் காணாமல் போனால், எது அதைச் சரிசெய்தது என்று எங்கள் டீமில் யாராலும் சொல்ல முடியாது. மங்கோலியாவிலும் அதே கதைதான். குதிரை, சடங்கு, புது நிலம், நாள் முழுக்கக் கூடவே இருக்கும் அப்பா அம்மா, வழிகாட்டியின் மகன் வடிவில் கிடைத்த நண்பன். எல்லாம் ஒன்றாக வந்தன. படம் இவற்றைப் பிரித்துப் பார்க்க முயலவே இல்லை. ஒரு அப்பாவுக்கு அது தேவையுமில்லை. அடுத்த வீட்டு அம்மாவுக்குத் தேவை.

பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் வெளியான கொலராடோ ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயது வரையான 127 பேர். 10 வாரம். ஒரு குழு குதிரை ஓட்டியது. இன்னொரு குழுவும் குதிரைகளைப் பற்றிக் கற்றுக்கொண்டது, ஆனால் அவர்களுக்கு நிஜக் குதிரை கிடையாது, ஆளுயரப் பொம்மைக் குதிரைதான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கவனிப்பு, கூட்டம், உற்சாகம் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு, குதிரை மட்டும் ஒரு பக்கம்.

சவாரி செய்த குழுவில் எரிச்சலும் அதீதத் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன, பேசும் சொற்கள் கூடின. ஒரு ஓட்டையும் உண்டு. எரிச்சலை அளந்தது பராமரிப்பவர்கள் நிரப்பிய படிவம். பிள்ளை குதிரை ஏறியதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆக, குதிரை உதவுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. மற்ற சிகிச்சையை விட்டுவிடலாம் என்பதற்கு இந்த ஆய்வில் எதுவும் இல்லை.

அக்காவிடம் இப்படித்தான் சொன்னேன்: "காசு இருந்தா சேத்து விடுக்கா. ஸ்பீச் தெரபியை மட்டும் நிறுத்தாத. ரெண்டையும் ஒண்ணா மாத்தினா, எது உதவுச்சு, எது கெடுத்துச்சுன்னு உனக்கே தெரியாது."

படத்தைப் பாருங்கள், பார்க்க வேண்டிய படம்தான். செலவு செய்யும் முன் அந்தப் பொம்மைக் குதிரையையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.