நெருஞ்சி: பூவும் முள்ளும்

ஐப்பசி மழைக்குப் பிறகு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பாதையோரங்களிலும் மானாவாரி வரப்புகளிலும் நெருஞ்சி தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூத்துக்கிடக்கும். மாசியில் செடி காய்ந்து முள்தான் மிஞ்சும். இந்த முள் நம் புதுக்கவிதையில் வறட்சிக்குப் படிமமாகி, திரும்பத் திரும்பக் கையாளப்பட்டு, முனை மழுங்கிவிட்டது. நெருஞ்சி என்று எழுதிவிட்டால் கரிசல் வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை.

ஆனால் நெருஞ்சி கரிசலுக்கு மட்டும் உரியதல்ல. 1753-ல் லின்னேயஸ் இதற்கு டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்று பெயரிட்டபோது தென் ஐரோப்பாவின் காட்டுச்செடியாகத்தான் குறித்தார். ஆகவே செடியின் பெயரைச் சொல்வதால் மட்டும் ஓர் ஊர் கவிதைக்குள் வந்துவிடாது.

ஹெர்பேரியத்தில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். கே. எம். மேத்யூ 1967-ல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் போன்ற இடங்களில், அழுத்தி உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டி, பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் இவற்றை ஒரு சீட்டில் எழுதிவைப்பார்கள். உலர்ந்தால் நிறம் மங்கும் என்பதால் பூவின் நிறத்தையும் எழுதுவார்கள். செடி எதை இழக்கப்போகிறதோ அதைச் சொல் ஏற்றுக்கொள்கிறது. இன்னொரு வழக்கமும் உண்டு: கூடுமானவரை பூவும் காயும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மாதிரி அரைகுறைதான்.

குறுந்தொகை 202-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை செய்திருப்பதும் இதுதான். கண்ணுக்கு இனிதாயிருந்த நெருஞ்சிப்பூ பிறகு முள்ளைத் தருகிறது; இனியவனாயிருந்தவன் இன்னாதவனாகிறான். வேதனை முள்ளில் இல்லை. பூ முள்ளாக மாறிய காலத்தில் இருக்கிறது. அந்தக் காலம் பாட்டுக்குள் வந்துவிட்டதால்தான் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்றைய கரிசல் கவிதைகள் பலவற்றில் இந்தக் காலம் இல்லை. மாசியில் வந்து முள்ளைப் பொறுக்கிக்கொண்டு போனவனின் துக்கம் அவற்றில் இருக்கிறது. இழப்பு என்ற சொல் அடிக்கடி வருகிறது. இழக்கப்பட்டது எது என்பது ஒரு வரியிலும் இல்லை.

வறட்சி பொய் என்று நான் சொல்லவில்லை. விதைத்தவனுக்கு அது தெரிகிற விதமே வேறு. ஐப்பசியையும் எழுதியிருந்தால்தான் மாசி முள் வாசகன் காலில் தைக்கும்.