வேஷம் கட்டிய பேனா

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுப்போரில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர். 1929-ல் போ தோட்டம் ஸ்தாபிக்கப்பட்ட காலந்தொட்டு அச்சரிவுகளில் உழைத்த நம்மவரின் பேரன்மாரிற் சிலர் கிராணியாகவும் தண்டலாகவும் இவர்களை வேலை வாங்குகின்றனர். ஜெர்மானியப் பத்திரிகை எழுத்தாளர் குந்தர் வால்ராப் 1985-ல் வெளியிட்ட, 'அடிமட்டத்தில்' என்று பொருள்படும் 'கான்ஸ் உன்டன்' என்னும் நூலை நம்மவர் வாசிக்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

வால்ராப் 1942-ல் கோலோன் நகரையடுத்த புர்ஷைடில் பிறந்தவர்; புத்தகக் கடையில் தொழில் பயின்றவர். கட்டாய ராணுவ சேவையில் துப்பாக்கியைத் தொட மறுத்ததற்காக மனநோய் வைத்தியசாலையில் வைக்கப்பட்டார். அரசாங்கம் அவருக்களித்த முதற் பட்டம் அது! பின்னர் ஆலைகளில் கூலியாகப் புகுந்து கண்டதை எழுதினார். 1977-ல் பெயரை மாற்றிக்கொண்டு 'பில்ட்' பத்திரிகையின் ஹானோவர் காரியாலயத்தில் சில மாதங்கள் வேலை பார்த்து, அங்கே செய்திகள் புனையப்படும் விதத்தை அம்பலப்படுத்தினார். வழக்குகள் வந்தன, அவர் அஞ்சவில்லை.

1983 முதல் சுமார் இரண்டு வருஷம் கறுப்பு டோப்பாவும் கண்ணுக்குக் கறுப்பு வில்லையும் அணிந்து, அலி என்னும் துருக்கியனாக அவர் வாழ்ந்ததன் பயனே இந்நூல். டூயிஸ்பர்க் நகரின் திஸ்ஸன் உருக்காலையில் அலி வேலை செய்கிறான். ஆனால் ஆலையின் பேரேட்டில் அவன் பெயர் இல்லை. ஆலை ஒப்பந்தக்காரனுக்குப் பணம் கொடுக்கிறது. அவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீசுகிறான். முகமூடியின்றி இரும்புத் தூசியை விழுங்கியபடி இரட்டை ஷிப்டு. கங்காணி தலைக்காசு வாங்கிய கதையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அணுசக்தி நிலையத்தில் உயிருக்கே ஆபத்தான வேலைக்கு ஆள் வேண்டும் என்று வால்ராப் ஒரு பொய்ப் பேரத்தை ஏற்பாடு செய்ய, ஒப்பந்தக்காரன் துருக்கியரை அனுப்பச் சம்மதித்துவிடும் பகுதியே நூலின் உச்சம். ஞானஸ்நானம் கேட்டுச் சென்ற அலிக்குப் பாதிரிமார் சொல்லும் சாக்குகளோ நம் கோயில் வாசல்களிலும் கேட்டவைதாம்.

நிற்க. குறையையும் சொல்லியாக வேண்டும். அலி பேசும் கொச்சை ஜெர்மன் ஆசிரியர் தாமே சமைத்தது. அதைக் கேட்டு வாசகன் நகைக்கிறான். நன்றாக ஜெர்மன் பேசும் துருக்கியரோ நூலின் ஓரத்தில் நிற்கின்றனர். கேமரன் மலையில் வங்காளியின் அரைகுறை மலாயைக் கேட்டு நகைக்கும் நம்மவர், தம் பாட்டியின் மலாயையும் பிறர் இப்படித்தான் நகைத்திருப்பர் என்பதை எண்ணுவதில்லை. நூலின் வருவாயில் ஒரு பகுதியை வெளிநாட்டுத் தொழிலாளரின் நலனுக்கே வால்ராப் கொடுத்தார் என்பது மெய். ஆயினும் பாடம் கற்றாரில்லை. 2009-ல் முகத்தில் கறுப்பு மை பூசி ஆப்பிரிக்கராக வேஷமிட்டபோது, தங்கள் அநுபவத்தைத் தாங்களே சொல்லும்போது செவிசாய்க்காதவர்கள் வேஷக்காரரிடம் கேட்டு வியப்பதேன் என்று ஜெர்மனியின் கறுப்பரே கண்டித்தனர்.

தமிழருக்கு இவ்வேஷம் புதிதன்று. 1920-ஐ ஒட்டிய காலத்தில், வெளியார் நுழைய முடியாதிருந்த இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாகப் புகுந்தவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். லயங்களின் நிலையைக் கண்டு அறிக்கை எழுதினார். வால்ராப் டோப்பாவைக் கழற்றியபின் கோலோனுக்குத் திரும்பினார். நடேசய்யரோ புடவை மூட்டையை இறக்கியபின் இலங்கையிலேயே தங்கினார். பத்திரிகை நடத்தினார், 1931-ல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்டார். அவருடைய மனைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளருக்குத் தெரிந்த மெட்டுகளிலேயே அவர்களுடைய குறைகளைப் பாட்டாக்கித் தோட்டந்தோறும் பாடினார். கூட்டத்தினரும் சேர்ந்து பாடினர்.