கலிப்சோ எடுத்துக் கொடுத்த கோடரி

ஹோமரின் ‘ஒடிசி’ 24 காண்டங்கள் கொண்ட காவியம். அதன் நாயகன் ஒடிசியஸை நாம் முதன்முதலில் நேருக்கு நேர் பார்ப்பது ஐந்தாம் காண்டத்தில். அப்போது அவன் கடற்கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். ட்ராய் நகரை வீழ்த்திய சூழ்ச்சிக்காரன், கப்பலையும் தோழர்களையும் பறிகொடுத்து ஓகிஜியா என்னும் தீவில் ஒதுங்கியவன். அட்லஸின் மகளான கலிப்சோ என்ற அணங்கு அவனைக் காப்பாற்றினாள், காதலித்தாள், ஏழு ஆண்டுகள் போகவிடவில்லை. என்னோடு இரு, சாவும் மூப்பும் உன்னை அண்டாமல் செய்கிறேன் என்றாள். அவனோ ஊருக்குப் போக வேண்டும் என்றான். இவ்வளவுதான் கதை. இதற்கு உரை சொன்னவர்களின் வரிசை மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டி நீள்கிறது.

தீவு எங்கே என்று தேடியவர்கள் ஒரு சாரார். கவிஞர் கலிமக்கஸ் அதை காவ்தோஸ் என்றார். மால்டாவை ஒட்டிய கோசோ தீவுதான் அது என்று பலர் கொண்டார்கள். அங்கே ராம்லா விரிகுடாவுக்கு மேலே ஒரு குகையைக் கலிப்சோவின் குகை என்று இன்றும் காட்டுகிறார்கள். புவியியலாளர் ஸ்ட்ராபோ தீவை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு நகர்த்தினார். புளூட்டார்க்கின் நூல் ஒன்றில் அது பிரிட்டனுக்கு மேற்கே ஐந்து நாள் பயணத் தொலைவு. பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரடோஸ்தனிஸ் மட்டும் இந்தத் தேடலை ஏற்கவில்லை. காவியத்தில் வரும், காற்றுகளை அடைத்த தோல்பையைத் தைத்த தொழிலாளியைக் கண்டுபிடித்தால் ஒடிசியஸ் அலைந்த இடங்களையும் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கருத்து. நான் அவர் பக்கம். ஹோமருக்கு வேண்டியதெல்லாம் பக்கத்தில் ஊரே இல்லாத ஓர் இடம். தூதனாக வரும் ஹெர்மிஸ் தேவனே, படையல் வைக்க ஒரு மனிதர்கூட இல்லாத இத்தனை தூரத்துக்கு யார் விரும்பி வருவார் என்று அலுத்துக்கொள்கிறான்.

தத்துவக்காரர்களின் உரை இதைவிட ஆழமானது. கலிப்சோ என்ற பெயர் ‘மறைத்தல்’ என்னும் கிரேக்க வினையோடு உறவுடையது. மூன்றாம் நூற்றாண்டில் பிளோட்டினஸ், ஒடிசியஸ் அவளை விட்டு ஓடியதை ஆன்மா புலனின்பத்தை விட்டுத் தன் சொந்த நாட்டுக்குத் திரும்புவதாகப் படித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூஸ்டாத்தியஸ் உரையில் கலிப்சோ உயிரை மூடி வைத்திருக்கும் உடல். உடம்பைக் கூடு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆனாலும் இந்த உரையில் ஒரு பெண் காணாமல் போய்விடுகிறாள். கூட்டுக்காக யார் கண்ணீர் விடுவார்கள்?

அந்தக் கண்ணீரைக் கவிஞர்கள் கவனித்தார்கள். ரோமக் கவி ஓவிட் வரைந்த காட்சியை என்னால் மறக்க முடிவதில்லை. ட்ராய் விழுந்த கதையைக் கலிப்சோ திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஒடிசியஸ் ஒரு குச்சியால் ஈர மணலில் கோட்டையையும் பாசறையையும் வரைந்து காட்டுகிறான். அலை வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. இந்தக் கடலை நம்பியா போகப் போகிறாய், எத்தனை பெரிய பெயர்களை அழித்துவிட்டது பார் என்கிறாள் அவள். லூசியன் இன்னும் துணிந்தவர்: இறந்தவர்களின் தீவிலிருந்து ஒடிசியஸ், மனைவி பெனலோப்பிக்குத் தெரியாமல் கலிப்சோவுக்குக் கடிதம் அனுப்புகிறான், உன்னை விட்டு வந்ததற்கு வருந்துகிறேன் என்று. 1699-இல் வெளிவந்த ஃபெனலோனின் ‘டெலிமாக்கஸ்’ நாவல், ஒடிசியஸ் போன பிறகு ஆறுதல் காணாத கலிப்சோவிடமிருந்துதான் தொடங்குகிறது. 1880-களில் ஆர்னால்ட் பொக்லின் தீட்டிய ஓவியத்தில் அவள் யாழோடு உட்கார்ந்திருக்க, அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பாறைமேல் கருந்தூணாக நிற்கிறான்.

எந்த உரை தேறும், எது தேறாது? என் அளவுகோல் ஐந்தாம் காண்டத்திலேயே இருக்கிறது. சிறைப்பட்டவனின் துயரத்தையும் சிறைவைத்தவளின் துயரத்தையும் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாமல் பார்க்கிறதா என்பதே அது. அவன் பகலெல்லாம் கரையில் அழுகிறான். இரவில் விருப்பமின்றி அவளருகே படுக்கிறான். ஹோமர் இதை மழுப்பவில்லை. அவனை விட்டுவிடும்படி தேவர்களின் அரசன் ஜீயஸின் கட்டளையோடு ஹெர்மிஸ் வரும்போது கலிப்சோ வெடிக்கிறாள்: பெண் தெய்வம் ஒருத்தி மனிதனை விரும்பினால் மட்டும் உங்களுக்குப் பொறுக்காதா? அந்தக் கேள்வியையும் ஹோமர் மழுப்பவில்லை.

பிறகு அவள் கரைக்குப் போய், உன்னை அனுப்பி வைக்கிறேன் என்கிறாள். தூதன் வந்ததை மட்டும் சொல்வதில்லை. இருவரும் குகைக்குத் திரும்புகிறார்கள். ஹெர்மிஸ் எழுந்துபோன அதே நாற்காலியில், அது தெரியாமலே, ஒடிசியஸ் உட்காருகிறான். மறுநாள் ஒலிவமரப் பிடி போட்ட வெண்கலக் கோடரியை அவளே அவன் கையில் கொடுத்து, நீரில் மிதக்கக்கூடிய காய்ந்த மரங்கள் எங்கே நிற்கின்றன என்று கூட்டிப்போய்க் காட்டுகிறாள். அவன் 20 மரங்களை வெட்டிச் சாய்க்கிறான். துளையிடும் கருவியையும் பாய்க்கான துணியையும் கொண்டுவந்து தருபவளும் அவள்தான். நான்கு நாளில் தெப்பம் தயாராகிறது. ஐந்தாம் நாள் அவனைக் குளிப்பாட்டி, உடை உடுத்தி, மதுவும் நீரும் உணவும் ஏற்றி, இதமான காற்றையும் வரவழைக்கிறாள்.

ஏழாம் காண்டத்தில், பிறகு கரைசேர்ந்த ஃபயாசியர் நாட்டின் அரசியின் முன் தன் கதையைச் சொல்லும்போது ஒடிசியஸ் அந்த விடுதலையின் காரணத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்கிறான்: எட்டாம் ஆண்டில் என்னைப் போகச் சொன்னாள், ஜீயஸ் சொல்லி அனுப்பியதாலோ, அவள் மனமே மாறியதாலோ.