கோடில்லாத குழந்தைகள்

'டோட்டோ-சான்' ஓவியங்களை என் மாணவிகள் 'கியூட்' என்கிறார்கள். அந்த அழகு எப்படி உருவானது? ஓவியர் சிஹிரோ இவாசாகி 1974இல் இறந்தார். நூல் வந்ததோ 1981இல். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவையே அவை.

1945 குண்டுவீச்சில் வீட்டை இழந்தவர் அவர். ஈரம் உலருமுன் நீர்வண்ணத்தைக் கசியவிட்டு, பல இடங்களில் புறக்கோடே இல்லாமல் கன்னத்தையும் கையையும் எழுப்பினார். எங்கே நிறுத்துவது என்ற கணிப்பு கையிலேயே இருக்க வேண்டிய வேலை அது. வியட்நாம் போர்க்காலத்தில், 1973இல், 'போர்த்தீயில் குழந்தைகள்' நூலை வரைந்தபோது நிறம் ஏறக்குறைய வற்றிவிடுகிறது. குழந்தைகள் விளையாடவில்லை, நம்மைப் பார்க்கிறார்கள்.

மூல ஓவியங்கள் ஓவியருக்கே உரியவை என்று பதிப்புலகில் வாதாடியவரும் இவரே. அந்த மென்மையைத் 'தாய்மையின் இயல்பு' என்று புகழ்ந்தால், அவர் கற்ற தொழிலும் கேட்ட உரிமையும் மறைந்துபோகின்றன.