ஒரே நாளில் பதிவான இருள்: ‘பிளாக் சப்பாத்’ முதல் இசைத்தொகுப்பின் ஆக்கமும் வெளியீடும் ஏற்பும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பு, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. ஹெவி மெட்டல் என்னும் இசைவகையின் தொடக்கப் புள்ளியாக இன்று இது கருதப்படுகிறது. இத்தொகுப்பின் தன்மைக்குத் தொழிற்சாலை இரைச்சலையோ சாத்தான் வழிபாட்டையோ காரணமாகக் கூறுவது வழக்கம். இவ்விரு விளக்கங்களும் போதாதவை என்பதையும், இசைத்தவர்களின் உழைப்பும் வெளியீட்டு நிறுவனத்தின் உறையும் இருவேறு பனுவல்களை உருவாக்கின என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ராக் இசை, ஒலிப்பதிவு, பிரதிமத்திமம், இசைத்தட்டு உறை, ஏற்பியல்.

முன்னுரை

இசைத்தட்டு என்பது பாடலும் இசையும் மட்டும் அன்று. பதிவு செய்தவர், தொகுத்தவர், உறை வடிவமைத்தவர், வெளியிட்டவர், மதிப்புரை எழுதியவர் எனப் பலரும் சேர்ந்து ஆக்கும் பண்பாட்டுப் பொருள் அது. எனவே ஒரு குழுவின் முதல் தொகுப்பை ஆராய்வோர், அது எவ்வாறு இசைக்கப்பட்டது என்பதோடு எவ்வாறு கையளிக்கப்பட்டது என்பதையும் காணவேண்டியவராகின்றனர். இந்நோக்கிற்குப் பிளாக் சப்பாத்தின் முதல் தொகுப்பு சிறந்த சான்றாகும்.

கையும் கருவியும்

டோனி அயோமி (கிதார்), கீசர் பட்லர் (பேஸ் கிதார்), பில் வார்ட் (டிரம்ஸ்), ஓசி ஆஸ்போர்ன் (குரல்) ஆகிய நால்வரும் ஆஸ்டன் பகுதியின் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அயோமி 17ஆம் வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. உருக்கிய பிளாஸ்டிக்கால் விரலுறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி அவர் மீண்டும் வாசிக்கலானார்.

இந்நிகழ்விலிருந்து, தொழிற்சாலையின் இரைச்சலே இவ்விசையாக மாறியது என்று முடிவு செய்வோர் பலர். இம்முடிவு ஏற்கத்தக்கதன்று. அதே பர்மிங்காமில் தோன்றிய மூடி புளூஸ் குழு 1967இல் சேர்ந்திசைக் குழுவின் துணையோடு முற்றிலும் வேறான மென்மையான தொகுப்பை வெளியிட்டது. ஊர் ஒன்றாயினும் ஒலி ஒன்றன்று. மேலும், காயத்தால் தந்திகளைத் தளர்த்திச் சுருதி இறக்கியதே இத்தொகுப்பின் கனத்துக்குக் காரணம் என்பர். ஆனால் சுருதியிறக்கம் 1971இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பில்தான் இக்குழுவின் பதிவுகளில் அடையாளமாகிறது. முதல் தொகுப்பு வழக்கமான சுருதியிலேயே இசைக்கப்பட்டது. ஆகவே கனம், தந்தியின் தளர்வில் இல்லை. வாசிப்பு முறையில் உள்ளது. தொழிற்சாலை அயோமிக்கு இசையைத் தரவில்லை. ஒரு தடையைத் தந்தது. அத்தடையைக் கடக்க அவர் கண்ட வழியே இசையாயிற்று.

ஒரு நாள் பதிவு

1969 அக்டோபர் 16 அன்று, லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் தயாரிப்பாளர் ரோட்ஜர் பெய்ன் மேற்பார்வையில் தொகுப்பின் பெரும்பகுதி ஒரே நாளில் பதிவாயிற்று. செலவு சுமார் 600 பவுன். மேடையில் வாசிப்பதைப் போலவே நால்வரும் ஒருசேர இசைத்தனர். ‘என்.ஐ.பி.’, ‘ஸ்லீப்பிங் வில்லேஜ்’ ஆகியவற்றின் கிதார்த் தனிவாசிப்புகள் இரட்டிக்கப்பட்டமை போன்ற சிலவே மேற்பதிவுகள். அமர்வின்போது அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் ஒலிவாங்கிச் சுருள் பழுதடைந்ததால், மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை அவர் எடுத்தார். பின்னர் அவரது அடையாளமாகவே ஆன கருவி இவ்வாறு ஒரு பழுதின் வழியாகப் பதிவுக்குள் நுழைந்தது.

நேரக்குறைவு இத்தொகுப்புக்கு அளித்த வலிமை, நால்வரும் ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுப்பது பதிவிலேயே கேட்கிறது என்பதாகும். பட்லரின் பேஸ் கிதார் தலைமைக் கிதாரின் வரிசையையே தொடர்ந்து அதைப் பருமனாக்குகிறது; ஜாஸ் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த வார்டின் டிரம்ஸ் அக்கனத்தை அசைந்தாடச் செய்கிறது. அதே நேரக்குறைவின் விலையும் உண்டு. பிரித்தானியப் பதிப்பின் இரண்டாம் பக்கம், பிறர் பாடலான ‘ஈவில் வுமன்’ தொடங்கி, மற்றொரு பிறர் பாடலான ‘வார்னிங்’ வரை செல்கிறது. பின்னதிலுள்ள நீண்ட கிதார்ப் பகுதி தயாரிப்பாளரால் குறைக்கப்பட்ட பின்னரும் திசையின்றி அலைகிறது. முதல் பக்கத்தின் செறிவு இரண்டாம் பக்கத்தில் இல்லை என்பதை மறுக்க இயலாது.

அச்சத்தின் சுரம்

தொகுப்பின் தலைப்புப் பாடல் மூன்று சுரங்களாலான வரிசையில் எழுகிறது: ஆதாரச் சுரம், அதன் மேல்தாயி, பின் ஆதாரத்திலிருந்து மூன்று முழுச்சுர இடைவெளியிலுள்ள சுரம். ஹோல்ஸ்ட்டின் ‘கிரகங்கள்’ தொகுதியிலுள்ள செவ்வாய்ப் பகுதியைப் பட்லர் வாசித்துப் பார்த்ததிலிருந்து இவ்வரிசைக்கு வித்து கிடைத்தது. இவ்விடைவெளியை ஐரோப்பிய இசைக்கோட்பாட்டினர் ‘இசையிலுள்ள சாத்தான்’ என்று பெயரிட்டழைத்தனர். இடைக்காலத் திருச்சபை இதனைத் தடைசெய்தது என்னும் பரவலான கதைக்கு ஆதாரம் இல்லை.

கருநாடக இசையறிந்தார்க்கு இது சட்சத்திற்கும் பிரதிமத்திமத்திற்கும் இடையிலான உறவேயாகும். 72 மேளகர்த்தாக்களில் 36 இச்சுரத்தை உடையவை. மங்கல இராகமாகப் போற்றப்படும் கல்யாணியும் அவற்றுள் ஒன்று. அங்கே அச்சம் இல்லை. எனவே அச்சம் சுர இடைவெளியின் இயல்பன்று. அது கையாளப்படும் முறையால் விளைவது. கல்யாணியில் பிரதிமத்திமம் பஞ்சமத்தின் அருகமைவால் ஒளிபெற்று, இராகத்தின் முழு ஓட்டத்தில் இடம்பெறுகிறது. இப்பாடலிலோ அச்சுரம் ஓட்டமின்றி நடுக்கத்தோடு நீண்டு, இளைப்பாற இடமின்றி மீண்டும் ஆதாரத்தில் வீழ்கிறது. மிகத் தாழ்ந்த காலப்பிரமாணமும் இடையே விடப்படும் மௌனமும், பின்னர் சேர்க்கப்பட்ட மழையொலியும் மணியோசையும் அதற்குத் துணைசெய்கின்றன. இறுதியில் இசை திடீரென விரைவது, அதுவரை உறைந்து நின்றவர் ஓடத் தொடங்குவதை ஒத்திருக்கிறது.

உறையும் உட்பொருளும்

வெர்டிகோ நிறுவனம் தொகுப்பை வெள்ளிக்கிழமையும் 13ஆம் தேதியும் கூடிய நாளில் வெளியிட்டது. மேப்பிள்டர்ஹாம் நீராலையின் முன் கருப்பாடை அணிந்த பெண்ணுருவம் நிற்கும் ஒளிப்படம் முகப்பானது. உள்ளுறையில் தலைகீழ்ச் சிலுவை அச்சிடப்பட்டது. இது குழுவினர் அறியாமல் சேர்க்கப்பட்டது என்பது அவர்களது கூற்று.

பாடல்களை நோக்கினால் உறைக்கும் உட்பொருளுக்கும் உள்ள முரண் தெளிவாகும். தலைப்புப் பாடலின் கூற்றாளர் இருளுருவைக் கண்டு நடுங்கிக் கடவுளின் உதவியை வேண்டுபவரே அன்றி, அதனை வழிபடுபவர் அல்லர். ‘தி விசர்ட்’ பாடலின் மந்திரவாதி நன்மை செய்பவர். ‘என்.ஐ.பி.’ மட்டுமே சாத்தானின் கூற்றாக அமைகிறது. அதிலும் அவன் காதல்வயப்பட்டவனாக வருகிறான். அச்சத்தைப் பாடிய பனுவலை, அச்சுறுத்தும் பனுவலாக உறை மாற்றியது.

மதிப்புரையும் மறுவாசிப்பும்

1970இல் விமர்சகர் பலர் இத்தொகுப்பை இகழ்ந்தனர். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பாங்ஸ், இக்குழுவைக் கிரீம் குழுவோடு ஒப்பிட்டுத் தாழ்ந்ததெனக் கண்டார். புளூஸ் வழிப்பட்ட தனிவாசிப்புத் திறனே அன்றைய அளவுகோல். கூட்டாக எழுப்பிய கனத்தை அதனால் அளக்க இயலவில்லை. கேட்போர் வேறு தீர்ப்பு வழங்கினர்: தொகுப்பு பிரித்தானியாவில் 8ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 23ஆம் இடத்தையும் எட்டியது. 1972இல் பாங்ஸே வேறோர் இதழில் இக்குழுவினரை அறநோக்குடையோராக விரிவாக வாசித்தார். இரண்டு ஆண்டுகளில் இசைத்தட்டு மாறவில்லை, அளவுகோல் மாறியது.

முடிவுரை

பிளாக் சப்பாத்தின் முதல் தொகுப்பு, தொழிற்சாலையின் எதிரொலியும் அன்று. சாத்தானின் குரலும் அன்று. காயம், குறைந்த பணம், குறைந்த நேரம் ஆகிய தடைகளுக்குள் நால்வர் கண்டறிந்த இசைமுறையின் பதிவு அது. உறை அவ்விசைக்குச் சந்தையைத் தந்தது. அதே வேளையில் பாடல்களிலிருந்த அஞ்சிய மனிதனின் குரலை மறைத்தது. முதல் தொகுப்புகளை ஆராய்வோர் உறையை நீக்கி ஒருமுறையும் உறையோடு ஒருமுறையும் கேட்டல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படுவதாகும்.